டிவியின் முதுகைப் பார்த்து வாங்குங்கள்

கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் டிவிகள் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஷோரூம் மோடில் வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்துக்கு ஏற்றி, அதற்கென்றே எடுத்த 4கே வீடியோவை ஓடவிட்டிருப்பார்கள். அங்கே நின்றுகொண்டு இதில் பச்சை நன்றாக இருக்கிறதா, அதில் சிவப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. படத்தை வீட்டில் செட்டிங்ஸில் சரிசெய்துகொள்ளலாம். பின்பக்கத்தில் இல்லாத சாக்கெட்டை எந்த செட்டிங்ஸாலும் கொண்டுவர முடியாது. ஆகவே விற்பனையாளர் முன்பக்கத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் ஒரு முறை எட்டிப் பின்னால் பாருங்கள்.

அதற்கும் முன்னால் வீட்டில் ஒரு தாளை எடுத்து, இந்த டிவியில் என்னென்ன சொருகப் போகிறோம் என்று எழுதிவிடுவது நல்லது. கேபிள் அல்லது டி.டி.எச். பாக்ஸுக்கு ஒன்று. சவுண்ட்பாருக்கு (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) ஒன்று. கேம் கன்சோலோ லேப்டாப்போ இருந்தால் இன்னொன்று. பிராட்பேண்டுடன் இலவசமாக வந்த பாக்ஸ் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் மறப்பது ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை, அதாவது டிவியில் சொருகினால் ஓ.டி.டி. ஆப்களை ஓட்டும் சின்னக் கருவியை. ஸ்மார்ட் டிவி வாங்கும்போது ஸ்டிக் எதற்கு என்றுதான் தோன்றும். நாலைந்து வருடத்தில் டிவிக்குள் இருக்கும் சிப் திணற ஆரம்பிக்கும், ஆப்களுக்கு அப்டேட் வருவது நிற்கும். அன்றைக்கு டிவியை மாற்றாமல் ஒரு ஸ்டிக்கைச் சொருகிப் பிழைத்துக்கொள்ள ஒரு எச்டிஎம்ஐ, அதாவது படமும் சத்தமும் ஒரே வயரில் வரும் போர்ட், காலியாக இருக்க வேண்டும்.

என் கணக்கில் 3 எச்டிஎம்ஐ என்பது குறைந்தபட்சம். கேம் ஆடுகிற வீடு என்றால் 4. 32 அங்குல டிவிகளில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டதால், ஹாலுக்கு வாங்குகிறவர்கள் 43-க்குப் போவதே நல்லது என்பேன். ஒரே சீரிஸில்கூட அளவுக்கு அளவு போர்ட் எண்ணிக்கை மாறும், 55 அங்குலத்தில் நான்கு இருந்தால் 43-இல் மூன்றுதான் இருக்கலாம். வெளிநாட்டு யூடியூப் விமர்சனத்தில் காட்டும் மாடலும் இங்கே விற்கும் மாடலும் ஒரே பெயரில் வேறு வேறாக இருப்பதும் உண்டு. முழு மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, அந்த நிறுவனத்தின் இந்திய இணையதளத்தில் கையேட்டை இறக்கி, பின்பக்கப் படம் போட்டிருக்கும் பக்கத்தைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஆன்லைன் கடைகளின் விவரப் பட்டியலை நம்ப வேண்டாம்.

போர்ட் போதவில்லை என்றால் எச்டிஎம்ஐ ஸ்விட்ச் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். மூன்று கருவிகளை ஒரே போர்ட்டுக்குக் கொண்டுவரும். செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் போன்றவற்றுக்கு அது போதும். சவுண்ட்பாருக்கு மட்டும் அதை நடுவில் போடாதீர்கள். டிவியிலிருந்து சத்தம் எதிர்த் திசையில் வருவதை அந்த ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை கடத்தாது.

அந்த எதிர்த் திசை விவகாரம்தான் ஆர்க். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் சேர்க்கப்பட்டது. சாதாரணமாக எச்டிஎம்ஐ வழியாகப் படமும் சத்தமும் டிவிக்குள் போகும். ஆர்க் உள்ள போர்ட்டில் டிவியின் சத்தம் அதே வயரில் வெளியே சவுண்ட்பாருக்கும் வரும். எல்லா எச்டிஎம்ஐ-யிலும் இது இருக்காது. ஒரே ஒரு போர்ட்டில் மட்டும், அதன் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஆர்க் அல்லது இ-ஆர்க் (ஆர்க்கின் வேகமான புது வடிவம்) என்று அச்சிட்டிருப்பார்கள். சவுண்ட்பார் பக்கம் இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால், 'இன்' என்று போட்டிருப்பதில் அல்ல, 'அவுட்' என்று போட்டிருப்பதில் சொருக வேண்டும். டிவியின் சத்தம் உள்ளே வருவதால் 'இன்'னில்தானே போட வேண்டும் என்று நினைத்து மாட்டிவிட்டு, பார் கெட்டுப்போனதாகப் புகார் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

சொருகினால் மட்டும் போதாது. டிவி செட்டிங்ஸில் சி.இ.சி. என்கிற, எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதியை ஆன் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். பிறகு ஆடியோ அவுட்புட்டை எச்டிஎம்ஐ ஆர்க்குக்கு மாற்றி, டிஜிட்டல் ஆடியோ ஃபார்மட்டை பாஸ்-த்ரூ அல்லது ஆட்டோவில் வைக்க வேண்டும். அது பி.சி.எம். என்ற சுருக்காத ஒலி வடிவில் இருந்தால் சாதாரண ஆர்க்கில் இரண்டு சேனல் சத்தம்தான் போகும். 5.1 (ஆறு சேனல்) பார் வாங்கிவிட்டுப் பின் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆர்க் திடீரென்று ஊமையானால், டிவி, பார் இரண்டின் ப்ளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பச் சொருகுங்கள். ரிமோட்டில் அணைப்பது கணக்கில் வராது.

இ-ஆர்க் அவசியமா? ஓ.டி.டி. மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் வரும் டால்பி அட்மாஸ் (மேலிருந்தும் சுற்றிலும் கேட்கும் ஒலி), டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் வருவது, அதைச் சாதாரண ஆர்க்கே கடத்திவிடும், டிவியும் பாரும் அந்த வடிவத்தை ஏற்கும் பட்சத்தில். புளூ-ரே தட்டில் இருக்கும் தரம் இழக்காத ட்ரூஎச்டி ஒலி, கேம் கன்சோல் அனுப்பும் பல சேனல் பி.சி.எம். ஆகியவற்றுக்குத்தான் இ-ஆர்க் வேண்டும். அதன் கொள்ளளவு விநாடிக்கு 37 மெகாபிட், பழைய ஆர்க்கோ 1 மெகாபிட் சுமாருக்குத்தான். உதட்டசைவும் சத்தமும் விலகிப்போவதைத் தானாகச் சரிசெய்யும் வசதி இ-ஆர்க்கில் கட்டாயம் என்பது கூடுதல் லாபம். ஒளி வழியாகச் சத்தத்தை மட்டும் அனுப்பும் ஆப்டிகல் சாக்கெட் இதற்கெல்லாம் மாற்று ஆகாது. சாதாரண டால்பி 5.1 வரைதான் அதில் போகும், அட்மாஸ் போகாது.

பழைய ஹோம் தியேட்டரை விட மனமில்லாதவர்கள் நிறையப் பேர். சிவப்பு, வெள்ளை பின் மட்டும் உள்ள ஆம்ப்ளிஃபயர் என்றால் டிவியில் 3.5 மி.மீ. ஹெட்போன் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள், புது மாடல்கள் பலவற்றில் அதைத் தூக்கிவிட்டார்கள். ஆப்டிகல் மட்டும் இருந்தால், ஆப்டிகலை ஆடியோ பின்னாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். இங்கே மேலே சொன்னதற்கு நேர் எதிர்: டிவியின் டிஜிட்டல் ஒலியைக் கட்டாயம் பி.சி.எம்.மில் வைக்க வேண்டும். டால்பியில் வைத்தால் அந்த மலிவு கன்வெர்ட்டருக்கு அது புரியாது. கரகரவென்று இரைச்சல் வரும், அல்லது ஒன்றுமே வராது.

அடுத்து எச்டிஎம்ஐ 2.1 என்ற ஸ்டிக்கர். இதைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். 2.0 என்பது விநாடிக்கு 18 கிகாபிட், 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 முறை) காட்டும். 2.1 என்பது 48 கிகாபிட் வரை, 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில். ஆனால் 2021 டிசம்பரில் எச்டிஎம்ஐ உரிம அமைப்பே தெளிவுபடுத்தியது: 2.0 என்ற பெயர் இனி இல்லை, 2.1-இன் புது வசதிகள் அனைத்தும் விருப்பத்துக்குரியவை. அதாவது 60 ஹெர்ட்ஸ் பேனல் (திரை), 18 கிகாபிட் வேகம், அதில் ஏதாவது ஒரு புது வசதி இருந்தாலும் பெட்டியின் மேல் 2.1 என்று போட்டுக்கொள்ளலாம். சட்டப்படி சரி, வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம். ஆகவே '2.1 இருக்கா' என்று கேட்பதில் அர்த்தமில்லை. '4கே-யில் 120 ஹெர்ட்ஸ் எந்த போர்ட்டில் வாங்கும், வி.ஆர்.ஆர். உண்டா' என்று கேளுங்கள். கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தையும் மாற்றும் வசதிதான் வி.ஆர்.ஆர்.

120 என்ற எண்ணிலும் வித்தை உண்டு. மோஷன் ரேட் 120, 240 என்பதெல்லாம் விளம்பர எண்கள், பேனல் 60-ஆகவே இருக்கும். இன்னொன்று டி.எல்.ஜி. 120 என்று வரும். அது 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டிரண்டு வரியாகச் சேர்த்து எழுதி, செங்குத்துத் தெளிவைப் பாதியாக்கி 120 காட்டும் முறை. விலை குறைந்த '120 ஹெர்ட்ஸ் கேமிங் டிவி' என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கன்சோல் இல்லாதவர்கள் இந்த இரண்டு பத்தியையும் மறந்துவிடலாம். செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் எதுவும் 60-ஐத் தாண்டாது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் உள்ளவர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். நல்ல விலை உள்ள டிவிகளிலும் நான்கு போர்ட்டில் இரண்டு மட்டும் முழு வேகத்தில் இருப்பது சகஜம். சோனியின் பல மாடல்களில் 3, 4 மட்டும் வேகமானவை, அந்த 3-தான் இ-ஆர்க்கும். அதில் சவுண்ட்பாரை மாட்டியதும் கேமுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. கன்சோல் ஒன்று என்றால் கவலை இல்லை. இரண்டு என்றால் எல்ஜியின் சி வரிசை ஓலெட் போல நான்கும் வேகமாக உள்ள டிவியைத் தேட வேண்டும். கன்சோலைப் பாரில் சொருகி அங்கிருந்து டிவிக்கு அனுப்பலாமே என்றால், அந்தப் பார் 4கே 120-ஐக் கடத்த வேண்டும். விலை குறைந்த பார்கள் 60-உடன் நின்றுவிடும்.

சரியான போர்ட்டில் சரியான வயரைப் போட்டும் எச்.டி.ஆர். (வெளிச்சம், இருட்டு, நிறம் கூடுதலாகத் தெரியும் படம்) வரவில்லை, 120 வரவில்லை என்றால் பெரும்பாலும் டிவி அந்த போர்ட்டைப் பழைய வேகத்தில் வைத்திருக்கும். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ டீப் கலர், சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட் என்று இருக்கும் செட்டிங்கை அந்தந்த போர்ட்டுக்குத் தனித்தனியாக மாற்ற வேண்டும். பழைய பாக்ஸ் சொருகிய போர்ட்டில் மாற்றாதீர்கள், சில பாக்ஸ்கள் அதில் படமே காட்டாது. வயரைப் பொறுத்தவரை 60 ஹெர்ட்ஸுக்கு பிரீமியம் ஹை ஸ்பீட், 120-க்கு அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்று ஸ்டிக்கர், ஸ்கேன் செய்யும் குறியீட்டுடன் இருக்க வேண்டும். 'தங்க முலாம்', '8கே' என்ற வார்த்தைகளுக்கு மதிப்பில்லை. வேகம் போதாத வயரின் அடையாளம், திரையில் மின்மினியாகப் புள்ளிகள் தெறிப்பதும், நடுநடுவே ஒன்றிரண்டு விநாடி படம் கறுத்து மீள்வதும்.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். அரசு கேபிளின் பழைய எஸ்.டி. (தெளிவு குறைந்த பழைய தரம்) பாக்ஸ் இன்னும் பல வீடுகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரோடுதான் இருக்கிறது. புது டிவிகள் பலவற்றில் அந்த மூன்று ஓட்டைகள் இல்லை. இருந்தால் 3.5 மி.மீ. அளவில் ஒரே ஓட்டை, 'ஏவி இன்' என்று. அதற்கு நான்கு உலோகப் பகுதிகள் உள்ள பின்னும் மறுமுனையில் மூன்று சாக்கெட்டும் கொண்ட மாற்று வயர் வேண்டும். அந்தப் பகுதிகளின் வரிசை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. படம் வராமல் உர்ரென்று சத்தம் மட்டும் வந்தால் மஞ்சளை மற்ற இரண்டு இடத்திலும் மாற்றிப் பாருங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. ஐந்து ஓட்டை உள்ள டிவியில் மஞ்சளுக்கென்று தனி இடம் இல்லாவிட்டால் பச்சையில் சொருக வேண்டும். படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் டிவி காம்பொனென்ட் (படத்தை மூன்று வயரில் வாங்கும்) இன்புட்டில் நிற்கிறது, ஏவி-க்கு மாற்றுங்கள்.

'ஏவி இன்' ஓட்டையும் இல்லை என்றால் ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். கடைக்காரர் அவசரத்தில் எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்குவதை எடுத்துக் கொடுத்துவிடுவார். இரண்டு பெட்டியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒரு திசையில்தான் வேலை செய்யும். எழுத்தைப் படித்து வாங்குங்கள். இதனால் படம் தெளிவாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எஸ்.டி. படத்தில் 720-க்கு 576 புள்ளிகள், 4கே திரையில் 3840-க்கு 2160. இருக்கிற ஒரு புள்ளியை டிவி இருபதாக இழுத்து நிரப்ப வேண்டும். சீரியல் பார்ப்பதுதான் முக்கியமான வீடு என்றால், டிவிக்குச் செலவிடுவதில் கொஞ்சத்தை எடுத்து பாக்ஸை எச்.டி.க்கு மாற்றுவதில்தான் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்கிறது. சில டிவிகளில் சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருக்கும். டிடி ஃப்ரீ டிஷ் பார்ப்பவர்களுக்கு அது உபயோகம், கட்டணச் சேனல்களுக்கு பாக்ஸ் வேண்டும்தான்.

யூ.எஸ்.பி. போர்ட்டில் இரண்டு இடத்தில் ஏமாற்றம் வரும். ஒன்று மின்சாரம். யூ.எஸ்.பி. 2.0 தருவது அரை ஆம்பியர். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை அதில் சொருகினால் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். உடன் வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டுச் சுழலாமல் நிற்பதும் இதனால்தான். இன்னொன்று ஒலி வடிவம். பென் டிரைவில் போட்ட படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் அந்தக் கோப்பில் இருப்பது டி.டி.எஸ். (டால்பி போன்ற இன்னொரு வடிவம்) ஒலியாக இருக்கலாம். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டி.டி.எஸ்.ஸைக் கைவிட்டது, எல்ஜியும் சில ஆண்டு மாடல்களில் விட்டிருக்கிறது. இப்படிப் படம் பார்க்கிறவர்கள் கடைக்கே ஒரு பென் டிரைவை எடுத்துப்போய்ச் சோதித்துவிடுவது மேல். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு எஃப்.ஏ.டி.32 என்ற பழைய ஃபார்மட்டில் உள்ள பென் டிரைவில் ஏறாது, எக்ஸ்-எஃப்.ஏ.டி.யில் ஃபார்மட் செய்யுங்கள். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்தால் சரியாகலாம்.

இன்டர்நெட் வயரைச் சொருகும் லேன் போர்ட் பெரும்பாலான டிவிகளில் 100 மெகாபிட்தான். 4கே-க்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட் என்பதால் அது தாராளம். ரவுட்டர் அதே ஹாலில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதைவிட வேகமாகவே இருக்கும். மலிவு டிவிகளில் 2.4 மட்டும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டுகிறவர்கள் போர்ட் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். நேராகச் சுவரைப் பார்க்கும் போர்ட்டில் வயரைச் சொருகினால், ஒட்டிமாட்டும் ஸ்டாண்டில் வளைய இடமே இருக்காது. வலிந்து தள்ளினால் சாக்கெட் உடையும். பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்க வேண்டும், இல்லையென்றால் சுவரிலிருந்து இழுக்கக்கூடிய ஸ்டாண்ட் வேண்டும். வீடு கட்டும்போதே வயருக்குக் குழாய் பதிக்கிறீர்கள் என்றால் முக்கால் அங்குலம் போதாது. எச்டிஎம்ஐ தலையே சுமார் 2 செ.மீ. அகலம், வளைவில் சிக்கிக்கொள்ளும். ஒன்றரை அல்லது இரண்டு அங்குலக் குழாய், எல்போ இல்லாமல் நீண்ட வளைவு, உள்ளே ஒரு நைலான் கயிறு. கரண்ட் வயருக்கு வேறு குழாய். ஐந்து மீட்டருக்கு மேல் போனால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வயர்தான் நம்பகம். அதற்குத் திசை உண்டு, எந்த முனை டிவிக்கு என்று முனையிலேயே அச்சிட்டிருக்கும். குழாய்க்குள் இழுத்தபிறகு அதைப் பார்த்துப் பயனில்லை.

எச்டிஎம்ஐ போர்ட் எரிந்துபோவதற்கு இங்கே பெரிய காரணம் எர்த். டிவிக்கும் பாக்ஸுக்கும் பெரும்பாலும் இரண்டு பின் ப்ளக். அதனால் டிவி, பாக்ஸின் வெளி உலோகப் பாகத்தைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், டெஸ்டர் லேசாக எரியும். தெருவிலிருந்து வரும் கேபிள் வயரின் மேலுறை வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். இந்த இரண்டையும் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ வழியாக இணைத்தால், அந்த வித்தியாசம் முழுவதும் அந்தச் சின்ன முனைகள் வழியே பாயும். எச்டிஎம்ஐ-யைச் சொருகும்போதும் பிடுங்கும்போதும் எல்லா ப்ளக்கையும் எடுத்துவிட்டு, கேபிள் வயரையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடி மழையின்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ப்ளக், கேபிள் வயர் இரண்டையும் பிடுங்க வேண்டும். போர்ட் நேரடியாக மதர்போர்டில் பற்றவைத்தது என்பதால் பெரும்பாலும் முழு போர்டையே மாற்றச் சொல்வார்கள், இடி மின்னல் சேதம் வழக்கமாக வாரண்டியிலும் வராது. ஸ்டெபிலைசர் பற்றிக் கேட்பவர்களுக்கு: டிவியின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் மின்னழுத்தக் குறைவுக்கு அது தேவையில்லை. திடீர் மின்னழுத்த எகிறலைத் தடுக்கும் சர்ஜ் புரொடக்டர் வாங்கலாம், ஆனால் அந்த சுவர் சாக்கெட்டில் உண்மையிலேயே எர்த் இருந்தால்தான் அது முழுமையாக வேலை செய்யும். எலக்ட்ரீஷியனிடம் அதைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

மாட்ட வரும் ஆள் ஒரு போர்ட்டில் பாக்ஸைச் சொருகி, படம் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் ஏணியை மடக்குவதற்குள் எல்லா எச்டிஎம்ஐ-யிலும் பாக்ஸை மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ப்ளக்கை எடுத்துவிட்டு. யூ.எஸ்.பி.யில் பென் டிரைவ், லேனில் வயர், ஆர்க்கில் சவுண்ட்பார். ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்றால், டிவியை மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். அதற்குப் பிறகு அது மாற்றல் அல்ல, ரிப்பேர்.